கவர்னர் துரை மறந்து வைத்த கடுதாசி

1847 ஆகஸ்ட் 17, செவ்வாய்

இந்த நோட்டுப் புத்தகம் புது வருஷத்துக்குக் கவர்னர் துரை கொடுத்தது. நாளுக்கு ஒரு பக்கம், தலையில் தேதி அச்சடித்திருக்கிறது. அவருக்கு இரண்டு பேர் இரண்டு கொடுத்தார்களாம், ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டார். ஜனவரியிலிருந்து நேற்று வரைக்கும் உள்ள பக்கங்களைக் கிழித்து, வெண்ணெய் தடவி, கேக் தகரத்துக்கு அடியில் போட்டுத் தீர்த்துவிட்டேன். நல்ல காகிதம். கேக் ஒட்டாமல் கழன்று வந்தது. நேற்று துரை கேட்டார், "என்ன அப்பன், தினம் எழுதுறியா?" என்று. "ஏழு மாசம் தீர்ந்துபோச்சு துரை" என்றேன். பொய்யில்லை. ஆனாலும் மனசு உறுத்திற்று. ஆகவே இன்று முதல் மெய்யாகவே எழுதுகிறேன்.

நான் அருளப்பன். சென்னைப்பட்டணம், ராயபுரம். வயது நாற்பத்தாறு. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வருஷம் பாதியில் வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் தங்கிவிட்டார், நான் வந்துவிட்டேன். பெண்டாட்டி காலராவில் போன பிறகு, இந்த நாட்டிலிருந்து சென்னைக்கு ஐஸ் கொண்டுவருகிற கப்பலில் சமையலுக்கு ஏறினேன். ஐஸை இறக்கிவிட்டுத் திரும்பும்போது தோலும் அவுரியும் ஏற்றுவார்கள். அந்தத் தடவை என்னையும் ஏற்றினார்கள். இப்போது மெயின் என்கிற இந்த வடகோடி மாநிலத்தில், ஆகஸ்டா என்கிற ஊரில், கவர்னர் எஸ்றா கூம்ஸ் துரைக்கு நாலு வருஷமாகச் சமைக்கிறேன்.

அருளப்பன் என்பது இவர்கள் வாயில் நுழையவில்லை. கடைசிப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். துரை, செக்ரெட்டரி, பால்காரன், பாதிரியார் எல்லோரும் என்னை "அப்பன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதற்கு அர்த்தம் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரு மாநிலமே தகப்பனே என்று அழைக்கும்போது திருத்த மனம் வருமா?

இங்கே வருஷா வருஷம் கவர்னர் எலெக்‌ஷன். வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று ஜனங்கள் வோட்டுப் போடுகிறார்கள். சமையல்காரனைக்கூட இத்தனை அடிக்கடி மாற்றுவதில்லை. துரை இரண்டு தடவை ஜெயித்தாயிற்று. மூன்றாவது, செப்டம்பர் 13.

ஆகஸ்ட் 18, புதன்

மழை. வேக வேண்டியது வெந்தது. எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 20, வெள்ளி

செக்ரெட்டரி லன்ட் சமையலறைக்கு வந்தான். (நேரில் லன்ட் துரை என்பேன். இங்கே அவன் என்றே எழுதுகிறேன். இந்த ஊரில் தமிழ் படிக்க யார் இருக்கிறார்கள்?) எலெக்‌ஷனுக்காகக் கவர்னரின் ஜீவிய சரித்திரம் எழுதி அச்சடித்து ஊர் ஊராகக் கொடுக்கப் போகிறானாம். "அப்பன், கவர்னரைப் பத்தி உனக்குத் தெரிஞ்ச வீரக் கதை எதாவது சொல்லு."

"போன மாசம் என் மிளகுக் குழம்பை மூணு கரண்டி சாப்பிட்டார்" என்றேன்.

அவன் எழுதிக்கொள்ளவில்லை.

எழுதினதைப் படித்துக் காட்டினான். துரை ஏழைக் குடியானவன் மகன். பத்தொன்பது வயதில் கென்னபெக் ஆற்றில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டு ஓட்டுகிற வேலை. பனிக்காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பிறகு வக்கீல், பிறகு சட்டசபை, பிறகு கவர்னர். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆறாம் பக்கத்தில் ஒரு சங்கதி புதிது: கட்டை ஓட்டுகிற நாளில், கூட வேலை செய்த ஒருவன் ஆற்றில் விழ, எஸ்றா கூம்ஸ் 'ஒரு கணமும் தயங்காமல்' குதித்துக் காப்பாற்றினாராம்.

துரையும் தயங்காமலும் ஒரே வரியில் வந்ததைக் கேட்டு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காலையில் முட்டை வேக வைக்கவா, பொரிக்கவா என்றால் "பார்க்கலாம்" என்பார். பாலம் கட்டுகிற வேலை, பள்ளிக்கூட வேலை என்று யார் வந்து நின்றாலும் "பார்க்கலாம்". வந்தவன் சந்தோஷமாகப் போவான். எதிராளியும் அதே வார்த்தையை வாங்கிக்கொண்டு அதே சந்தோஷத்தோடு போவான். இருபது வருஷத்தில் ஒருவரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. அப்படித்தான் ஐயா கவர்னர் ஆகிறார்கள்.

ஆகஸ்ட் 23, திங்கள்

துவைக்கிற நாள். தபீத்தாள் வந்தாள். இவளும் இவள் புருஷன் யோனாவும் கறுப்பு ஜனம். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் சுதந்திரமாக இருக்கிற குடும்பம். யோனா சரக்குக் கப்பலில் சமையல்காரன், அந்த வகையில் எனக்குப் பங்காளி. என்னை அவள் அப்பன் என்கிறாள், நான் அவளைத் தங்கச்சி என்கிறேன். உறவுமுறை குழம்பிக் கிடக்கிறது.

வழக்கமாக வாசலில் கால் வைக்கும்போதே, "அப்பன், என்ன தீய விட்டீங்க, தெரு வரைக்கும் மணக்குது" என்பாள். இன்று ஒன்றும் இல்லை. துரையின் சட்டையைப் பலகையில் போட்டு அடித்த அடியில் இரண்டு பொத்தான் தெறித்தது.

"தங்கச்சி, சட்டைக்குள்ள துரை இல்ல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் சொன்னாள்.

ஜூன் மாதத்தில் யோனாவின் கப்பல் தெற்கே ஒரு பருத்தித் துறைமுகத்தில் நின்றதாம். அது அடிமைகள் வைத்திருக்கிற மாநிலம். கப்பல் புறப்பட்ட அன்றே அங்கே கோரேசு என்கிற தச்சன் காணாமல் போனான். வேதத்தில் ராஜா பெயர், பிழைப்பில் அடிமை. அவனை யோனாதான் கப்பலுக்குள் ஒளித்துத் திருடிக்கொண்டு போனான் என்று தச்சனின் எஜமான் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்த மாநிலத்துக் கவர்னர் நம் துரைக்கு, யோனாவைப் பிடித்து அனுப்பு என்று சிவப்பு நாடாக் கட்டிக் கடுதாசி அனுப்பிவிட்டார். துரை கையெழுத்துப் போட்டால் பிடித்துப் போக ஷெரீப் வருவான். யோனா அங்கே போனால் தூக்கு. தூக்கு இல்லையென்றால் அவனையே விற்றுவிடுவார்கள்.

எனக்கு விளங்கவில்லை. "கோழியைத் திருடலாம், குதிரையைத் திருடலாம். ரெண்டு காலால நடந்து வந்து கப்பல் ஏறினவனை யார் திருடினது? அவனே அவனைத் திருடிக்கிட்டான்னு சொல்லணும்."

"இதப் போய் உங்க துரைகிட்ட சொல்லுங்க" என்றாள்.

கோரேசு எங்கே என்று நான் கேட்கவில்லை. கனடாவுக்குப் போய்விட்டான் என்று ஊரில் பேச்சு. அவள் போகும்போது துணிக் கூடையில் ரொட்டி வைத்தேன். அவர்கள் வீட்டில் புருஷன், பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. நாலு ரொட்டி வைத்தேன். குழந்தை நன்றாகச் சாப்பிடும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

காலைப் பலகாரம் பரிமாறும்போது காதில் விழுந்தது.

லன்ட்: "இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடுங்க. துறைமுகத்துக் கப்பல்காரங்க எல்லாம் தெற்கோட வியாபாரம் பண்றவங்க. ஒரு சமையல்காரனுக்காக அவங்க வோட்டைத் தூக்கி எறியணுமா?"

துரை: "பார்க்கலாம்."

லன்ட் என்னைப் பார்த்தான். எந்தச் சமையல்காரனைச் சொல்கிறான் என்று எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 26, வியாழன்

துரை சமையலறைக்கே வந்துவிட்டார். மாவுப் பீப்பாயின் மேல் உட்கார்ந்துகொண்டு, நான் வெங்காயம் நறுக்குவதை ஏதோ சட்டசபையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அப்பன், கேக் எதாவது போடப் போறியா?" என்றார். "இல்ல துரை, மீன்" என்றேன். முகம் வாடிற்று. எழுந்து போய்விட்டார்.

போன பிறகு பார்த்தால், கேக் தகரங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு நாடாக் கடுதாசி! மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை முக்கியமான காகிதம்! வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஓடி அவர் கையிலேயே கொடுத்தேன்.

"நல்லவன்டா நீ, அப்பன்" என்றார். சொன்ன விதம் நன்றி மாதிரி இல்லை.

ஆகஸ்ட் 28, சனி

மறுபடியும் மறந்துவிட்டார்! இந்தத் தடவை தகரத்துக்கு உள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஐம்பத்தெட்டு வயதுதான் ஆகிறது, அதற்குள் இந்த மறதி. மறுபடியும் ஓடினேன். மாடிப்படி பதினெட்டு.

லன்ட் கூட இருந்தான். துரை கடுதாசியை வாங்கிக்கொண்டு வெகு நேரம் ஜன்னலைப் பார்த்தார்.

பீன்ஸ் நன்றாக வெந்தது.

ஆகஸ்ட் 30, திங்கள்

துரையின் மறதியைத் தபீத்தாளிடம் சொல்லி வருத்தப்பட்டேன். துணி பிழிந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"தகரத்துக்கு உள்ளேயா வச்சார்?"

"ஆமா."

"நீங்க கொண்டுபோய்க் குடுத்துட்டீங்க."

"ரெண்டு தடவையும். பதினெட்டுப் படி ஏறி."

பிழிந்துகொண்டிருந்த ஈரத் துண்டை என் மேல் எறிந்தாள். "அப்பன், இந்த மாநிலத்துலயே உங்கள மாதிரி யோக்கியமான முட்டாள் கிடையாது!" என்று கத்தினாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 1, புதன்

நாளைக்கு எலெக்‌ஷன் கமிட்டியார் பன்னிரண்டு பேர் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். துரையிடம் போய், "இன்னிக்கே பவுண்டு கேக் போடுறேன் துரை, பெரிய தகரம்" என்று சொன்னேன். கேட்காமலேதான் சொன்னேன். பிற்பகல் துரை கீழே வந்து மாவுப் பீப்பாயில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போனார்.

கேக் போட்டேன். பன்னிரண்டு முட்டை, ஒரு பவுண்டு வெண்ணெய். தகரத்துக்கு அடியில் ஏதோ காகிதம் போட்டேன். என்ன காகிதம் என்று பார்க்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் பேச வரும், படிக்க வராது. அதில் இருந்த சிவப்பு நாடாவை மட்டும் கழற்றினேன், அரக்கு முத்திரையைக் கத்தியால் பெயர்த்தேன். சூட்டில் உருகினால் கேக்கில் வாடை ஏறிவிடும். தொழில் தெரிந்தவன் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

செப்டம்பர் 2, வியாழன்

என் வாழ்க்கையில் இத்தனை அழகாக ஒரு கேக் உப்பியதில்லை. அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

கேக்கின் அடிக் காகிதத்தை எப்போதும் அடுக்களையிலேயே உரித்துவிடுவேன். இன்றும் உரித்தேன், நேரே அடுப்பில் போட்டேன். ஆனால் அந்தப் பாழாய்ப்போன காகிதத்தின் மை கேக்கில் இறங்கியிருந்தது. மேல் பக்கத்தைப் பார்த்தேனே தவிர அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. இருபத்தைந்து வருஷ அனுபவம்!

லன்ட் தன் துண்டை எடுத்து, பேசிக்கொண்டே திருப்பினான். பேச்சு நின்றது. வெள்ளைக் கேக்கின் அடியில் கறுப்பாக வரி வரியாக எழுத்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி. எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் கேக்கைத் தூக்கிப் பிடித்துப் படித்தான்.

"என் முன்னிலையில் சத்தியம் செய்யப்பட்டது…"

மற்றவர்களும் தங்கள் தங்கள் துண்டைத் திருப்பினார்கள். ஒருவர் மாத்திரம் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்தார். அவர் வயிற்றில் தச்சனுடைய எஜமானின் பெயர் போயிருக்க வேண்டும், எங்கும் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 3, வெள்ளி

லன்டிடம் நகல் இருக்கிறதாம். வருகிற கடுதாசி எல்லாவற்றுக்கும் அவன் நகல் எடுத்து வைக்கிறவனாம். எனக்கு யார் சொன்னார்கள்?

துரையின் அறைக் கதவு திறந்தே இருந்தது, லன்ட் பேசியது காதில் விழுந்தது. "நகல்ல கையெழுத்துப் போடுங்க. காகிதத்தை எரிச்சதுக்கு அந்தப் பரதேசிச் சமையல்காரனை ஷெரீப்கிட்ட ஒப்படைங்க. ரெண்டும் முடிஞ்சா நீங்க ஜெயிச்சாச்சு. வர்ற புதன்கிழமை சபை மண்டபத்துல கூட்டம், அங்கயே அறிவிச்சுடலாம்."

துரை நகலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பார்க்கலாம்."

என்னைப் பற்றியும் பார்க்கலாம். பரவாயில்லை, அது அவருக்கு வாய்ப் பழக்கம். முட்டைக்கும் அதைத்தானே சொல்கிறார்.

இன்று உருளைக்கிழங்கில் உப்புப் போட மறந்துபோனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 5, ஞாயிறு

கோயிலில் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் நன்றாக வணக்கம் சொன்னேன்.

மத்தியானம் யோனா வந்தான். நெடுநெடுவென்று ஆள், பேச்சு கொஞ்சம். உட்காரச் சொன்னதும் பக்கத்தில் இருந்த அவரைக் கூடையை இழுத்து உரிக்க ஆரம்பித்தான். சமையல்காரன் கை சும்மா இருக்காது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் உரித்தோம்.

"உங்களையும் மாட்டி விட்டுட்டேனே அப்பன்."

"என்ன பெரிய மாட்டல். ஜெயில்ல சாப்பாடு எப்படின்னு எனக்கும் பார்க்கணும்" என்றேன்.

"கோரேசு மெய்யாவே கப்பலுக்குள்ள இருக்கான்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன். துரைக்கு முன்னால் கேட்கக்கூடிய கேள்வி இல்லை, ஆனால் எனக்குத் தொழில் சார்ந்த ஆவல்.

"மூணாம் நாள். ஏழு பேருக்குச் சமைச்சேன். எட்டுப் பேர் சாப்பாடு காலியாச்சு. கேப்டன்கிட்டச் சொன்னா கப்பலைத் திருப்புவார்." அவரைக்கொட்டையை உள்ளங்கையில் உருட்டினான். "மறுநாளிலேர்ந்து எட்டுப் பேருக்குச் சமைச்சேன். அவ்வளவுதான் நான் செஞ்சது."

அதுதான் திருட்டு என்றால் ராயபுரத்தில் பாதிப் பெண்டுகளைப் பிடிக்க வேண்டும்.

கனடா எல்லை இங்கிருந்து எட்டிப்போனால் வந்துவிடும். ஏன் ஓடவில்லை என்றேன். "என் தாத்தா கட்டின வீடு. ஓடினா நான் திருடினேன்னு ஆகும்" என்றான்.

செப்டம்பர் 6, திங்கள்

துரை வந்து பீப்பாயில் உட்கார்ந்தார். கையில் அந்த ஜீவிய சரித்திரம், அச்சாகி வந்துவிட்டது. ஆறாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"இவன் பேர் ஆமோஸ் பிராட்" என்றார். "ஆத்துல விழுந்தவன். கயிறு என் கையில இருந்தது, அப்பன். மேல் பக்கம் வீசுறதா, கீழ் பக்கம் வீசுறதா, நீரோட்டம் அவனை எந்தப் பக்கம் கொண்டுபோகும்னு பார்த்தேன். நல்லாத்தான் பார்த்தேன். பார்த்து முடிச்சு நிமிர்ந்தா ஆள் இல்ல." புத்தகத்தை மூடினார். "கயிறு நனையவே இல்ல."

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினேன்.

"இப்பவும் அதையேதான் செஞ்சேன். நான் போட வேண்டிய தீயில உன் கைய விட்டேன்."

"கை ஒண்ணும் சுடல துரை. கேக்தான் வீணாப்போச்சு. பன்னிரண்டு முட்டை" என்றேன்.

சிரித்தார். நாலு வருஷத்தில் அவர் பல்லை இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். கீழே ஒன்று இல்லை.

செப்டம்பர் 8, புதன்

சபை மண்டபம் நிறைந்து ஜன்னலிலும் தலைகள். காப்பிக்கு நான். தபீத்தாளும் யோனாவும் பின் சுவரோரம். ஷெரீப் முன் வரிசையில், அவனுக்குப் பக்கத்தில் லன்ட், நகலும் பேனாவும் மைக்கூடும் மேஜையில் தயார்.

துரை எழுந்தார். தொண்டையைச் சரி பண்ணினார்.

"உங்க கையில குடுத்திருக்கிற புத்தகத்துல ஆறாம் பக்கம் பொய். நான் குதிக்கல. அந்த மனுஷன் செத்துப்போனான். அவன் சொந்தக்காரங்க இங்க இருந்தா மன்னிக்கணும்."

லன்ட் நாற்காலியிலேயே பாதி எழுந்தான்.

"ரெண்டாவது. தெற்கேயிருந்து வந்த கடுதாசியை எரிச்சது என் சமையல்காரன்னு பேச்சு. அவன் ரெண்டு தடவை அதைப் பத்திரமா என்கிட்டக் கொண்டுவந்து குடுத்தான். மூணாம் தடவையும் கேக் தகரத்துல வச்சவன் நான்தான். ஷெரீபுக்கு யாரையாவது பிடிக்கணும்னா நான் இங்க நிக்கிறேன்."

ஷெரீப் தன் தொப்பிக்குள்ளே எதையோ தேட ஆரம்பித்தான்.

"மூணாவது. நகல் இருக்கு. அது இதோ. கேக் இருந்தாலும் இல்லாட்டியும், நகல் இருந்தாலும் இல்லாட்டியும், யோனாவை அனுப்பச் சொல்லி நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மாட்டேன்! என் கையிலிருந்த காப்பி வழிந்து கால்சட்டையெல்லாம் ஆயிற்று. சூடு பிறகுதான் தெரிந்தது.

பின்னால் ஒரு மரம் வெட்டுகிறவன் கேட்டான்: "என்ன கேக்?"

"பவுண்டு கேக்" என்றார் துரை.

"நல்லா இருந்துச்சா?"

"படிச்சேன், சாப்பிடல."

அப்போதுதான் கூரை இடிகிற மாதிரிச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு கப்பல்காரர்கள் வரிசை முழுக்க எழுந்து வெளியே போயிற்று. நல்ல துணியில் தைத்த முதுகுகள். துரை கடைசி முதுகு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள்.

தபீத்தாள் என் தோளைப் பிடித்து நின்றாள். ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. இன்னும் வலிக்கிறது, நல்ல வலி.

செப்டம்பர் 10, வெள்ளி

துரை தம் கையாலேயே தெற்குக் கவர்னருக்கு மறுப்பு எழுதினார். அதை மாநிலப் பதிவுப் புத்தகத்திலும் ஏற்றி முத்திரை போட்டாயிற்று. அரக்கு உருக்கிக் கொடுத்தது நான்.

செப்டம்பர் 13, திங்கள்

வோட்டு நாள். தபீத்தாள் துவைக்க வரவில்லை. திங்கட்கிழமையில் இதுதான் முதல் தடவை. யோனாவின் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து அவனை அனுப்புகிற வேலையாம். இந்த மாநிலத்தில் கறுப்பு ஆண்களுக்கும் வோட்டு உண்டு. பெண்ணுக்கு இல்லை, எனக்கும் இல்லை. நானும் அவளும் தெருவோரம் நின்று, யோனா மண்டபத்துக்குள் போவதையும் வருவதையும் பார்த்தோம்.

"அந்தச் சட்டையைப் பார்த்தே நாலு பேர் துரைக்குப் போட்டிருப்பாங்க" என்றேன்.

"அஞ்சு" என்றாள்.

செப்டம்பர் 16, வியாழன்

குதிரை வண்டி வரவர எண்ணிக்கையும் வருகிறது. காட்டு ஊர்களில் துரைக்கு. ஆற்றோர ஊர்களில் பாதிப் பாதி. துறைமுகம் இன்னும் வரவில்லை.

துரை முட்டையைப் பொரிக்கச் சொன்னார். கேட்ட உடனே சொன்னார்.

செப்டம்பர் 18, சனி

துறைமுகம் வந்தது. ஆயிரத்து நூறு வோட்டில் தோல்வி.

செக்ரெட்டரி லன்ட் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஜெயித்தவருக்கு ஜீவிய சரித்திரம் எழுதப் போய்விட்டான். அவருக்கும் ஓர் ஆறு கிடைக்காமலா போகும்.

செப்டம்பர் 20, திங்கள்

நாலு மணிக்கு யோனாவும் தபீத்தாளும் சேர்ந்து வந்தார்கள். துரை அடுக்களையில்தான் இருந்தார். இப்போதெல்லாம் மாடிக்கு யாரும் வருவதில்லை, அவரும் ஏறுவதில்லை. ஆப்பிள் தோல் சீவுகிறார். தடிமனாகச் சீவுகிறார், பாதி ஆப்பிள் தோலோடு போகிறது. கவர்னர் என்று பார்த்துச் சும்மா இருக்கிறேன்.

யோனா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "என்னால தோத்துட்டீங்க, துரை."

"உன்னால இல்ல. ஆயிரத்து நூறு பேரால. உட்கார்."

"ஜெயிச்சவர் வந்தா கையெழுத்துப் போட்டுடுவாரா?" தபீத்தாள் கேட்டாள். அந்தக் கேள்வியோடுதான் வந்திருக்கிறாள், முகத்தில் தெரிந்தது.

துரை கத்தியைக் கீழே வைத்தார். "அவர் வர்றது மே மாசம். என் மறுப்பு புத்தகத்துல ஏறியாச்சு. அதை அடிக்கணும்னா எல்லார் முன்னாலயும் அடிக்கணும். அதுக்கு நெஞ்சுல தைரியம் வேணும், தபீத்தாள். அவர்கிட்ட அது இல்லைன்னு எனக்குத் தெரியும். இருபது வருஷம் என்கிட்டயும் இல்ல, அந்த ஜாதி ஆளை எனக்கு நல்லா அடையாளம் தெரியும்."

அவள் மூச்சு விட்டது அடுப்புக்குக் கேட்டிருக்கும். என் நாற்காலியை இழுத்து, யாரையும் கேட்காமல் உட்கார்ந்தாள்.

யோனா மட்டும் இன்னும் நின்றான். "துரை, அந்தக் கப்பல்ல என்ன நடந்ததுன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கவே இல்ல. தெரிஞ்சுக்காமலே இவ்வளவு செஞ்சீங்க. இப்ப சொல்லிடுறேன்."

"சொல்லாதே!" துரை கையை உயர்த்தினார். "மே மாசம் வரைக்கும் நான் கவர்னர். என் காதுல விழுந்தா எனக்குத் தெரிஞ்ச சங்கதி ஆயிடும், தெரிஞ்சா நான் எதாவது செய்யணும். மே மாசம் வா. ரெண்டு பேரும் பைப் பத்த வச்சுக்கிட்டு ஆற அமர உட்கார்ந்து முழுசாக் கேக்கிறேன்."

"சரி துரை. நான் மே மாசம் வரைக்கும் வாய மூடிட்டு இருப்பேன்" என்றான் யோனா. "இவளைப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியாது."

அவள் அதற்குள் ஆரம்பித்திருந்தாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள், துரை அங்கே இல்லாத மாதிரி. "அப்பன், கேளுங்க. மூணாம் நாள் இந்த மனுஷன் பானையத் திறந்து பாக்கிறாரு…"

துரை "ஐயோ" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

அவள் நிறுத்தவில்லை. மாவுப் பிசினை வைத்துக் கதவிடுக்கை ஒட்டினது, புயலில் தச்சன் வாந்தி எடுத்த சத்தத்தை மறைக்க யோனா ஜெபப் பாட்டுப் பாடினது, பாட்டு சகிக்காமல் கேப்டன் பூட்ஸை எறிந்தது, எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பூட்ஸ் வந்த இடத்தில் கவர்னரின் தோள் குலுங்கிற்று.

நான் கிட்ட இருந்து பார்த்தேன். காதின் மேல் அவர் விரல்கள் நன்றாக விரிந்திருந்தன.